காய்க்காத மரத்தடியில்

செபமாலையைக் காணவில்லை. கிரிகரி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்ததையெல்லாம் தரையில் இறக்கிப் போட்டுவிட்டார். மடித்த போர்வைகள், பிடி அறுந்த கைப்பைகள், எப்போதோ வாங்கிப் பிரிக்காமல் வைத்த மேசைவிரிப்பு. எதிலும் இல்லை.

முன்கூடத்தில் சூசனுக்குக் கல்யாணப் புடவை உடுத்தி, தலை வாரி, இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் சேர்த்து வைத்தாகிவிட்டது. விரல்களில் சுற்றச் செபமாலை ஒன்றுதான் பாக்கி. சவப்பெட்டிக் கம்பெனிக்காரர்கள் பளபளவென்று புதிதாக ஒன்று கொண்டு வந்திருந்தார்கள். வலேரி அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"அம்மாவோடது மர மணி பா. தேஞ்சி வழவழன்னு இருக்கும். அதான் வேணும்," என்றாள் வாசற்படியில் நின்றபடி. அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரி பேக்ல பாத்தியா?"

"பாத்துட்டேன். நீங்க எங்கயாவது வெச்சிருப்பீங்க, நல்லா யோசிங்க."

அவர் வைக்கவில்லை. அத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்து எழுந்தவள், இரவில் அவர் குறட்டை விடத் தொடங்கிய பிறகுதான் செபமாலையை எடுப்பாள். எங்கிருந்து எடுத்தாள், எங்கே வைத்தாள் என்று அவர் ஒருநாளும் கண் திறந்து பார்த்ததில்லை.

வலேரி உள்ளே வந்து மெத்தையின் தலைமாட்டைத் தூக்கினாள். அடியில், பலகை இடுக்கில், வட்டமான பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. மூடியைத் திறந்ததும் செபமாலை தெரிந்தது. அதன் அடியில் வலேரி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய ரப்பர் பட்டை. அதற்கும் அடியில், பிளாஸ்டிக் உறையில், காய்ந்து பழுப்பேறிய இலை ஒன்று. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைக் கொட்டை ஒன்று.

"என்ன பா இது?" வலேரி கொட்டையைக் காதருகே ஆட்டினாள். உள்ளே பருப்பு லொடலொடத்தது. "எதுக்கு இதப் போய் பத்திரமா வெச்சிருக்காங்க?"

கிரிகரி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அண்ணன்," என்றார். பிறகு, "உனக்கு முன்னால பொறந்தவன்," என்றார்.

வலேரிக்கு அது தெரியும். கல்லறைத் திருநாள் தோறும் தாத்தா பாட்டியின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி வைத்த பிறகு, வரிசைக்குப் பின்னால், இங்கே கெம்போஜா என்று சொல்லும் ஈழத்தலரி மரத்தடிக்குப் போய் இன்னொன்று ஏற்றுவார்கள். பெயர் கிடையாது, சிலுவை கிடையாது. ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்த பிள்ளை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை அந்தக் காலத்தில் தனியாகப் பின்மூலையில்தான் வைப்பார்கள். அதற்குமேல் வீட்டில் யாரும் பேசியதில்லை.

அப்போது கிரிகரி பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். சூசன் தலைப்பிரசவத்துக்குக் கிள்ளானில் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். தகவல் கேட்டு ரயில் பிடித்து வந்தவரிடம் மாமனார் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார். இரண்டு பேர்தான் போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மண்ணை மூடியபின் பார்த்தால் இரண்டு கையும் சேறு. தாழ்ந்திருந்த கிளையிலிருந்து ஓர் இலையைப் பறித்து விரல்களைத் துடைத்தார். இன்னொரு கையில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. கீழே கிடந்த ஒரு கொட்டை.

கட்டிலில் படுத்திருந்த சூசன், "எங்க வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் சட்டைப் பையில் இருந்த இலையையும் கொட்டையையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "மரம் ஒண்ணு இருக்கு. வெள்ளைப் பூ. நடுவுல மஞ்சள். நல்ல வாசம். அதுக்குக் கீழ," என்றார்.

அவள் அவற்றை அன்றே தூக்கிப் போட்டிருப்பாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

*

வாசலில் கூடாரத்தின் கீழ் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. சூசனின் தம்பி ரோனி ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் தண்ணீர் போத்தலுமாக அலைந்துகொண்டிருந்தார். பெட்டி, பூ, பஸ், கோயிலில் பூசை நேரம், எல்லாம் அவர் தலையில்.

"அத்தான், எடம் ரெடி," என்றார் கிரிகரியைப் பார்த்ததும். "அக்கா கேட்ட மாதிரியே, கெம்போஜா மரத்துக்கு முன்னாடி. நாளைக்கு மழைன்னு சொல்றான். அதனால இன்னிக்கே தோண்டச் சொல்லிட்டேன்."

கிரிகரி தலையசைத்தார். கொட்டை அவர் கைக்குள் இருந்தது.

பக்கத்து வீட்டு அமுதவள்ளி பிளாஸ்க்கும் கோப்பைகளுமாக வந்தாள். இருபது வருடமாக வேலியின் மேலாகச் சூசனோடு கறிவேப்பிலையும் கதையும் பரிமாறிக்கொண்டவள். "ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க அண்ணே. காலையில இருந்து வெறும் வயிறு." பிறகு அவர் விரல் இடுக்கில் தெரிந்ததைப் பார்த்து, "அது என்னா கையில?" என்றாள்.

அவர் நீட்டினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரமேஸ்வரன், கிரிகரியோடு ரயில்வேயில் ஒன்றாக வேலை பார்த்தவர், முந்திக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "புவா கெராஸ் லா இது. சம்பலுக்குப் போட்டு அரைப்பாங்களே."

"ஐயோ அங்கிள், புவா கெராஸ் இப்படியா இருக்கும்? அது மேடு பள்ளமா இருக்கும். நீங்க கிச்சன் பக்கமே போனதில்லைன்னு ஆன்டிகிட்ட சொல்றேன் இருங்க," என்றாள் அமுதவள்ளி.

"அப்ப ரப்பர் கொட்டை."

"ரப்பர் கொட்டையில புள்ளி புள்ளியா இருக்கும். தோட்டத்துல பொறந்தவருக்கு இதுகூடத் தெரியலையா?"

சாவு வீட்டில் சிரிக்கக்கூடாது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டு அடங்கினார்கள்.

"கெம்போஜா கொட்டை," என்றார் கிரிகரி.

அமுதவள்ளி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கெம்போஜாவா? என்னாண்ணே நீங்க. எங்க வீட்டு வாசல்ல நிக்குதே, இத்தனை வருஷமா. பூதான் கொட்டும், கூட்டி மாளாது. ஒரு காய் நான் பாத்ததில்ல."

"ஒண்ணுகூடவா?"

"எங்கயாவது அபூர்வமா வந்தாலும் கொம்பு மாதிரி நீளமா வருமாம். உருண்டையா வராது." அவள் குரல் மெல்லக் குறைந்தது. எதையோ உடைத்துவிட்டோமோ என்பது போல் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏண்ணே?"

கிரிகரி எழுந்து வேலியோரம் போனார். அந்தப் பக்கத்துக் கெம்போஜாவின் ஒரு கிளை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. ஓர் இலையை முறித்தார். வெட்டுவாயில் பால் சொட்டியது. நீள இலை, நரம்புகள் இடைவெளி விட்டு ஓடி, ஓரத்தில் வளைந்து ஒன்றையொன்று தொட்டன. வலேரியிடமிருந்து பிளாஸ்டிக் உறையை வாங்கி, காய்ந்த இலையை வெளிச்சத்தில் பிடித்தார். முட்டை வடிவம். நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும், சீப்புப் பல் போல, அத்தனை நெருக்கமாகக் கோடுகள். ஒன்றும் வளையவில்லை. ஒன்றையொன்று தொடவில்லை.

"பா, இந்த இலை எனக்குத் தெரியும்," என்றாள் பின்னாலேயே வந்த வலேரி. "ஷா ஆலம்ல எங்க ஆபீஸ் கார்பார்க் முழுக்க இதான். நெழலுக்கு நிறுத்தினா காய் வந்து டொக்கு டொக்குன்னு காடி மேல விழும். நான் அந்தப் பக்கமே நிறுத்த மாட்டேன். மரத்துல பேர் அடிச்சி வெச்சிருக்காங்க. பெனாகா லாவுட்."

"பூ?"

அவள் கைப்பேசியில் தேடிக் காட்டினாள். வெள்ளை இதழ்கள். நடுவில் மஞ்சள்.

அமுதவள்ளி எட்டிப் பார்த்து, "இது புன்னை லா," என்றாள். "புன்னைப் பூ."

கிரிகரிக்கு ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. பிள்ளையைப் புதைத்த அந்த வருடக் கல்லறைத் திருநாள். மாமனார் அதற்குள் காலமாகிவிட்டார். பின்மூலை முழுவதும் இடுப்பளவு புல். சின்ன மேடு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. பதறிப்போய் நின்றவரின் காலடியில் வெள்ளைப் பூக்கள் கிடந்தன, நடுவில் மஞ்சளாக, நல்ல வாசத்தோடு. அண்ணாந்து பார்த்தார். கெம்போஜா. இந்த ஊரில் கல்லறை என்றால் கெம்போஜாதானே. "இதான், இதான் சூசன்," என்று அவர் மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிள்ளைக்காக அவர் அழுதது அந்த ஒருமுறைதான்.

சூசன் அப்போது அழவில்லை. குனிந்து ஓர் இலையை எடுத்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், திருப்பி அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, அவர் தோளில் கை வைத்து, "எழுந்திரிங்க. மெழுகுவர்த்தி ஏத்தலாம்," என்றாள்.

இரண்டு வாரத்துக்கு முன் வார்டில் அவள் கேட்டதும் நினைவுக்கு வந்தது. "என்னை அவன் பக்கத்துல வெச்சிடுங்க. அந்தப் பூ விழற மரத்துகிட்ட."

"கெம்போஜா மரத்துகிட்டதானே? ரோனிகிட்ட சொல்லிட்டேன். நீ எதையும் யோசிக்காத."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லப் போவது போல உதடு பிரிந்தது. பிறகு, "ஆமா. உங்களுக்குத் தெரிஞ்ச எடத்துலயே வைங்க," என்றாள்.

"ரோனி, தோண்ட ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கேட்டார் கிரிகரி.

"இந்நேரம் பாதி ஆகியிருக்கும். ஏன் அத்தான்?"

"வலேரி, காடிய எடு."

"இப்பவா? அத்தான், ஜெபக் கூட்டத்துக்காரங்க வந்துகிட்டு இருக்காங்க. நீங்க இல்லாம எப்படி…"

கிரிகரி அதற்குள் முன்கூடத்துக்குப் போயிருந்தார். செபமாலையைச் சூசனின் விரல்களில் மெல்லச் சுற்றினார். சேர்த்து வைத்த இரு உள்ளங்கைகளுக்கு நடுவே, வெளியே தெரியாதபடி, அந்தக் கொட்டையை நுழைத்தார். கை சில்லென்றிருந்தது. இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

*

கல்லறைத் தோட்டத்தின் கேட்டருகே வண்டியை நிறுத்தியபோது வெயில் சாய்ந்திருந்தது. கெம்போஜாவுக்கு முன்னால் ஜீவன் இடுப்பளவுக் குழிக்குள் நின்றுகொண்டிருந்தான். வேலி ஓரம் புல் வெட்டுவதிலிருந்து குழி தோண்டுவது வரை அங்கே எல்லாம் அவன்தான்.

"வாங்க அங்கிள். மண்ணு நல்ல மண்ணு. இன்னும் கொஞ்சம்தான்," என்றான் மண்வெட்டியை ஊன்றி.

"நிறுத்துப்பா கொஞ்சம்." கிரிகரி இலையை எடுத்துக் காட்டினார். "இந்த மரம் இங்க எங்கயாவது இருக்கா? உருண்டையா காய்க்கும்."

ஜீவன் குழிக்குள் இருந்தபடியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "காஞ்ச இலையக் காட்டி மரம் கேட்டா நான் என்னா சொல்றது அங்கிள்? பின்னால லோங்காங் வாய்க்கா பக்கம் ரெண்டு மூணு மரம் நிக்குது. என்னா மரம்னு நான் கேட்டுக்கிட்டதில்ல."

அவர் நடந்தார். சிமெண்டுக் கல்லறைகளின் கடைசி வரிசையைத் தாண்டினார். கெம்போஜாவிலிருந்து அந்த இடம் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் நடுவில் உயரமான குடும்பக் கல்லறை ஒன்று நின்றதால் இங்கிருந்து கெம்போஜாவின் அடி தெரியவில்லை. அங்கிருந்து இந்த இடமும் தெரிந்திருக்காது. சரளைக்கல் மேல் நடப்பது போல் காலடியில் ஏதோ உருண்டது. வலேரி குனிந்து எடுத்தாள்.

"பா."

உருண்டைக் கொட்டை. தோல் பாதி அழுகி உரிந்திருந்தது.

மரம் நன்றாகப் பருத்து, லோங்காங் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கிரிகரி தாழ்ந்த கிளையிலிருந்து ஓர் இலையைப் பறித்தார். அன்றைக்கும் இப்படித்தான் கை நீட்டியிருப்பார். அந்தக் கிளை எப்போதோ ஒடிந்து போயிருக்கும். பச்சை இலையைக் காய்ந்த இலையின் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். ஒரே சீப்பு. ஒரே கோடுகள். காலைச் சுற்றி வெள்ளைப் பூக்கள் கிடந்தன, நடுவில் மஞ்சளாக. பூவை மட்டும் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிதான். யாரும் ஏமாந்துதான் போவார்கள்.

"பா, இங்க பாருங்க," என்றாள் வலேரி. அவள் குரல் மாறியிருந்தது.

மரத்தின் வேர் இரண்டாகப் பிரிந்து தரைக்குள் இறங்கும் இடத்தில், கவட்டைக்குள் ஒட்டினாற்போல், ஒரு தகர டின் இருந்தது. கட்டிப்பால் டின். காகிதம் போய்த் துருவேறியிருந்தது. காற்றில் அணையாமல் இருக்கச் சுற்றிலும் ஆணியால் துளைகள் போட்டிருந்தார்கள். இரண்டு துளை மேலே, ஒன்று கீழே. அப்படித் துளை போடுகிறவளை அவருக்குத் தெரியும். கல்லறைத் திருநாளுக்கு முன், அக்டோபர் கடைசியில் பின்கட்டில் உட்கார்ந்து, பலகை மேல் டின்னை வைத்து, சுத்தியலால் தட்டுவாள். விரலில் பட்டால் தன்னைத்தானே திட்டிக்கொள்வாள்.

டின்னுக்குள் பாதிவரை மெழுகு. டின்னைச் சுற்றி வேரின் மேலும் மெழுகு, ஒன்றின் மேல் ஒன்றாக உருகி உறைந்து, அடியில் இருந்தது மண்ணோடு மண்ணாகக் கறுத்து, மேலே இருந்தது இன்னும் வெள்ளையாக.

"நீங்க போய் காடிய ஸ்டார்ட் பண்ணி ஏர்கோன் போட்டு வைங்க. நான் வரேன்." ஒவ்வொரு வருடமும் கெம்போஜாவடியில் செபம் முடிந்ததும் சூசன் சொல்வது. பொம்பளைகள் யாரையாவது பார்த்துப் பேசிவிட்டு வருவாள் என்று அவர் விட்டுவிடுவார். வண்டிக்குள் குளிர்ந்து போயிருக்கும். செருப்பில் சேறும் விரல் நுனியில் மெழுகுமாக வந்து ஏறுவாள். "என்னா இவ்ளோ நேரம்?" என்று அவர் முணுமுணுப்பார். "வாங்க போலாம். பசிக்குது," என்பாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் வலேரி. "மொதல்ல இருந்தே. ஏம் பா உங்ககிட்ட சொல்லல?"

கிரிகரி டின்னின் துளைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பின்னால் ஜீவன் வந்து நின்றான்.

"இங்கயா அங்கிள் கேக்கறீங்க? இங்க மண்வெட்டியே எறங்காது. எல்லாம் வேரு. லோங்காங் கட்டினப்பவே பாதி எடம் போயிருச்சின்னு சொல்வாங்க." அப்பனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான். "வேணும்னா ஆபீஸ்ல கேட்டுப் பாக்கவா? இல்ல, அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி…"

கிரிகரி மரத்தைப் பார்த்தார். திரும்பி, கெம்போஜா இருக்கும் திக்கைப் பார்த்தார். குடும்பக் கல்லறையின் சிலுவைக்குப் பின்னால் அதன் உச்சிப் பூக்கள் கொஞ்சம் தெரிந்தன.

"வேணாம்ப்பா," என்றார். "அங்கயே இருக்கட்டும். அவ சரின்னு சொன்ன எடம்."

"அப்ப நான் மிச்சத்தைத் தோண்டிடறேன்?"

"தோண்டு."

ஜீவன் போனதும் அவர் மெல்ல முழங்காலிட்டார். டின்னுக்குள் இருந்த மெழுகை வலேரி கார்ச் சாவியால் நெம்பி, முழு வட்டமாக எடுத்துக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டாள். கிரிகரி வேரின் அடியிலிருந்து மண்ணைக் கையால் கீறி அந்த டின்னில் நிரப்பினார். கறுப்பு மண். இடையிடையே மெழுகுத் துணுக்கு. கையில் சேறு அப்பிக்கொண்டது. துடைக்கவில்லை.

*

மறுநாள் மழை பெய்யவில்லை. பூசை முடிந்து பெட்டி வந்து சேர்ந்தபோது கெம்போஜா ஓர் இரவுப் பூவையெல்லாம் குழியைச் சுற்றி உதிர்த்து வைத்திருந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். பெட்டி இறங்கியது. கயிறுகள் மேலே வந்தன.

ஒவ்வொருவராகக் குனிந்து, குவித்திருந்த சிவப்பு மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போட்டார்கள். கிரிகரியின் முறை வந்தபோது அவர் குனியவில்லை. வலேரியின் கைப்பையிலிருந்து துருப்பிடித்த டின்னை வாங்கினார்.

"அத்தான், மண்ணு இங்கயே இருக்கே," என்றார் ரோனி காதோரமாக.

கிரிகரி டின்னைச் சரித்தார். கறுப்பு மண் பெட்டியின் மேல், சரியாகக் கைகள் இருக்கும் இடத்துக்கு மேலே விழுந்தது. கடைசித் துகள் உதிரும்வரை டின்னைத் தட்டினார். அமுதவள்ளி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலையத் தொடங்கியது. பஸ்காரர் ஹாரன் அடித்தார். பரமேஸ்வரன் வந்து தோளை அழுத்திவிட்டுப் போனார். புதிய மேட்டின் தலைமாட்டில் வலேரி மெழுகுவர்த்திகளை ஏற்றினாள். மெழுகுவர்த்தி அட்டைப்பெட்டியில் ஒன்று மிச்சம் இருந்தது. அதை அவர் எடுத்துக்கொண்டார்.

"வாங்க பா. எல்லாரும் வீட்டுக்கு வந்துடுவாங்க. சாப்பாடு போடணும்."

"நீ போய் காடிய ஸ்டார்ட் பண்ணி ஏர்கோன் போட்டு வை," என்றார். "நான் வரேன்."

வலேரி அவர் கையில் இருந்த டின்னைப் பார்த்தாள். நேற்று எடுத்து வைத்த கைக்குட்டையைப் பையிலிருந்து எடுத்து, அப்படியே அவர் கையில் வைத்தாள். சாவியை விரலில் மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கிரிகரி கடைசி வரிசையைத் தாண்டிப் போனார். டின் இருந்த இடம் வேரில் வட்டமாகத் தெரிந்தது. மெழுகு வட்டை டின்னுக்குள் மறுபடி இறக்கி, அதே இடத்தில் பொருத்தினார். பொருந்தியது. மெழுகுவர்த்தியை அதற்குள் நட்டார். லோங்காங் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்ததால் தீக்குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. ஒருவழியாகத் திரி பற்றியது. டின்னின் வாயைச் சுற்றி இரண்டு கையையும் குவித்தார்.

கேட்டருகே வண்டி கிளம்பத் தயாராகும் சத்தம் கேட்டது. சுடர் ஆடாமல் நேராக நிற்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.